மஞ்சப்பை அவள் கையில் இருக்கட்டும்

புருஷன் இறந்து பால் தெளித்த மறுநாளே அவளிடம் பேப்பர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். "அண்ணி, அண்ணனோட பேங்க் புக் எங்க இருக்குது?" என்று கொழுந்தன் கேட்பான். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, வெளியே அலையப் போகிறவன் அவன்தான். அவள் பீரோவைக் கை காட்டுவாள். சாவியும் அவன் கைக்குப் போகும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது பார்த்தால் பாஸ்புக் ஒருவரிடம், ஆதார் ஒருவரிடம், அவருடைய செல்போன் பெரிய பையனிடம், நகை அடகு ரசீது மாமியார் பெட்டியில். வண்டி ஆர்.சி. புத்தகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் புருஷனை இழந்த பெண்களின் முதல் வருஷத்தைக் கூட இருந்து கவனித்தால் ஒன்று புரியும். அந்தப் பதினாறு நாளில் அவள் கையை விட்டு என்னென்ன போயிற்றோ அதை ஒவ்வொன்றாகத் திரும்ப அவள் கையில் வைப்பதுதான் மீண்டு வருவது. சாவி, கையெழுத்து, காசு, தூக்கம், பசி, வேலை. இதை நேராக அவளுக்கு எழுதவில்லை. முதல் ஒரு மாதம் அவளால் சேர்ந்தாற்போல நாலு வரி படிக்க முடியாது. அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிற தங்கைக்கும், காலையில் டம்ளரில் காபியோடு வந்து நிற்கிற எதிர்வீட்டு அக்காவுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு மஞ்சப்பை வாங்குங்கள். துணிப்பையாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரில் மாதக்கணக்கில் வைத்தால் நம்ம ஊர் வெயிலுக்கு ஜெராக்ஸ் மை கவரில் ஒட்டிக்கொண்டு எழுத்து பெயர்ந்துவிடும். அதில் போட வேண்டியவை: இரண்டு பேர் ஆதார், பிள்ளைகள் ஆதார், ரேஷன் கார்டு, எல்லா பாஸ்புக், எல்.ஐ.சி. பாண்டு, பி.எஃப். எண் உள்ள சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. கார்டு, கட்டுமான வேலை செய்தவர் என்றால் நல வாரிய அட்டை, பட்டா, வீட்டு வரி ரசீது, அடகு ரசீது, பிள்ளைகளின் பிறப்புச் சான்று. கல்யாணத்தைப் பதிவு செய்யாதவர்கள் கல்யாணப் பத்திரிகையும் போட்டோவும் வையுங்கள், அதுவும் ஒரு கட்டத்தில் கேட்பார்கள். கூடவே 40 பக்க நோட்டு ஒன்று. யார் எந்தப் பேப்பரை எந்தத் தேதியில் வாங்கினார்கள் என்று எழுதி, திரும்ப வந்ததும் அடிக்க வேண்டும். ஒரிஜினல் வெளியே போவதாக இருந்தால் அவளும் கூடப் போகட்டும். போக முடியாத நாளில் ஜெராக்ஸ் மட்டும் போகட்டும். பை இரவில் அவள் தலைமாட்டில் இருக்க வேண்டும்.

அவருடைய சிம் கார்டைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை. கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம், பி.எஃப். எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால் கம்பெனி அந்த நம்பரைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆகவே உள்ளதிலேயே குறைந்த ரீசார்ஜ் போட்டு ஒரு வருஷத்துக்கு அதை உயிரோடு வைத்திருங்கள். அதற்காக அந்த போனை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கூடாது. இறந்த பிறகு ஏ.டி.எம். கார்டில் எடுத்த பணத்துக்குப் பின்னால் மற்ற வாரிசுகள் கணக்குக் கேட்பார்கள், வங்கியும் கேட்கும். காரியச் செலவுக்குக் கை கடிக்கிறது என்றால் கைமாற்று வாங்குவது மேல்.

சான்றிதழ்கள்

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் போன உயிர் என்றால் ஆஸ்பத்திரியே பதிவுக்கு அனுப்பும். வீட்டில் என்றால் நாம் போய்ச் சொல்ல வேண்டும், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகரத்தில் நகராட்சி சுகாதாரப் பிரிவில். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டிவரும். இங்கே நிறைய பேர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஊர் குடியாத்தமாக இருந்தாலும் உயிர் வேலூர் ஆஸ்பத்திரியில் போயிருந்தால் பதிவு வேலூரில்தான். ஊரில் தேடினால் கிடைக்காது. பதிவுக்கு முன்பே பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றும் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் பின்னால் வருகிற ஒவ்வொரு மேசையிலும் அதே பிசகு குறுக்கே நிற்கும்.

அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை முடிந்து தாசில்தார் கையெழுத்தோடு வரும். இந்தச் சான்றில் மாமியார் பெயர் வந்தால் வீட்டில் சண்டை வரும். "என் புருஷன் சம்பாத்தியத்துல அவங்களுக்கு என்ன பங்கு?" என்று அவள் கேட்பாள். அது அவளுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் முதல் வரிசை வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு தாயும் சம பங்குக்காரர். தகப்பன் அந்த வரிசையில் இல்லை. மாமியார் பெயரை மறைத்து விண்ணப்பித்தால் விசாரணையிலேயே தெரிந்து மனு தள்ளுபடியாகும், உறவும் அதோடு முறியும். அந்த அம்மாளும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட வீடுகளில் வேலை சீக்கிரம் முடிகிறது. முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லாவிட்டால் நாலில் ஒரு பங்கு. கிறிஸ்தவர்களில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு உள்ள ஒரு தொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாயின. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களின் பழைய பத்திரம், பாண்டு எல்லாவற்றிலும் வேலூர் மாவட்டம் என்றுதான் இருக்கும், ஆனால் மனுவைக் கொண்டுபோக வேண்டியது திருப்பத்தூருக்கு. வாலாஜா, ஆற்காட்டுக்காரர்கள் ராணிப்பேட்டைக்கு. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் படியேறித் திரும்பி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. கிளம்பும் முன் எந்தத் தாலுகா, எந்தக் கோட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் பெண்களுக்குத்தான் அதிகம். பள்ளிக்கூடத்தில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியல், பாஸ்புக்கில் வள்ளி, ஆதாரில் வள்ளியம்மாள். ஆதாரில் பெயரை இரண்டு முறைக்கு மேல் திருத்த விடமாட்டார்கள். ஆகவே அவசரப்பட்டு இனிஷியலை மாற்றாதீர்கள். அவர் தன் பி.எஃப்.பிலும் எல்.ஐ.சி.யிலும் இவள் பெயரை எப்படி எழுதினார் என்று முதலில் பார்த்து, அந்த எழுத்துக்கு மற்றதை ஒத்துவரச் செய்யுங்கள்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க"

முதல் மூன்று மாதத்துக்கு ஒரே விதி போதும்: படிக்காமல் எதிலும் கையெழுத்தில்லை, வெற்றுத் தாளில் என்றுமே இல்லை. குறிப்பாக விடுதலைப் பத்திரம். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் அதைத் திருப்புவதற்குக் கோர்ட்டில் வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். "பிள்ளைங்க பேருக்கு அப்புறம் எழுதித் தர்றோம்மா" என்ற வாய்ச்சொல்லுக்கு அதில் இடமே கிடையாது. யாராவது அவசரப்படுத்தினால் "வருஷம் திரும்பட்டும்" என்று சொல்லச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேச முடியாத பதில் அது.

வீட்டைக் காலி செய்யச் சொன்னால் உடனே மூட்டை கட்டக் கூடாது. வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் அவள் புருஷனோடு வாழ்ந்த வீடு என்றால், 2005ஆம் வருஷத்து குடும்ப வன்முறைச் சட்டப்படி அங்கே குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. கணவன் இறந்த பெண்ணுக்கும் அது பொருந்தும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமையால் வீடு அவளுக்குச் சொந்தமாகிவிடாது, ஆனால் நினைத்த நேரத்தில் யாரும் அவளை வெளியே தள்ள முடியாது. வக்கீல் வைக்கக் காசில்லை என்பதும் ஒரு தடையில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் கொடுக்கும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

பாஸ்புக்கில் 436 என்ற வரி

அவருடைய பாஸ்புக்கை என்ட்ரி போட்டு வாங்கி, மே கடைசி, ஜூன் முதல் பக்கங்களைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு இருக்கிறது, எந்த மரணமானாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா காப்பீடு, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்கு தொடங்கும்போது கையெழுத்து வாங்கியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. வங்கியில் நாமாகக் கேட்டால்தான் படிவம் தருவார்கள். சேர்ந்து 30 நாள் ஆவதற்குள் இயற்கையாக இறந்திருந்தால் ஜோதி கிடைக்காது. விபத்துக்கு எஃப்.ஐ.ஆரும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். நாமினி பெயர் யாருடையது என்பதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கில் அம்மா பெயரோ தம்பி பெயரோ இருக்கும். வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர், அவரே உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், பேர்ணாம்பட்டுத் தோல் பதனிடும் ஷாப்பிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்தவர் என்றால் பி.எஃப். விஷயத்தை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். சேர்ந்த பணத்துக்குப் படிவம் 20. மாதப் பென்ஷனுக்கு 10-டி. இன்சூரன்ஸ் தொகைக்கு 5-ஐ.எஃப்., இது அதிகபட்சம் 7 லட்சம் வரை. முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர் ஒரே ஒரு மாதம் பென்ஷன் நிதிக்குப் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு, குறைந்தது மாதம் 1000 ரூபாய். அதற்கு மேல் இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை ஆளுக்கு அந்தப் பென்ஷனில் நாலில் ஒரு பங்கு. மறுமணம் செய்தால் அவள் பென்ஷன் நிற்கும்.

சென்னை–பெங்களூரு ரோட்டில் விபத்தில் போனவர் என்றால் பிணவறை வாசலிலேயே வக்காலத்துத் தாளோடு ஆள் நிற்பார். அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம். மோட்டார் வாகன நஷ்ட ஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு, அதற்குள் நிதானமாக வக்கீல் பார்க்கலாம். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் 2 லட்சம் இழப்பீடு உண்டு.

கடன்காரர்கள் விஷயத்தில் பயம்தான் முதல் எதிரி. அவர் வாங்கிய கடன் அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைக்கும்தான் வாரிசுகளைக் கட்டும். அவள் தன் பெயரில் புதிதாகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டால் மட்டும் அது அவள் கடனாகிவிடும். "அவர் வாங்கினதும்மா, சும்மா ஒரு கையெழுத்து" என்று வருகிறவருக்கு மேலே சொன்ன அதே பதில்தான். குழுக் கடன் வாங்கியிருந்தால் அதில் புருஷனுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் பிடித்திருப்பார்கள். கடன் அட்டையில் அந்த வரியைத் தேடி, இறப்புச் சான்றோடு எழுத்தில் மனு கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

அரசு உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் 2023இல் மாதம் 1200 ரூபாய் ஆனது. 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதித்தவர் இறந்த ஏழைக் குடும்பத்துக்கு 20,000 ரூபாய் ஒருமுறை உதவி உண்டு. பிள்ளைகள் படிப்பைத் தொடர மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மாதம் 4000 ரூபாய் ஆதரவு நிதி கேட்கலாம், வருமான வரம்பு உண்டு. புருஷன் விட்டுவிட்டுப் போனவளுக்கு வழி வேறு. இறப்புச் சான்று இல்லாததால் அவளுக்கு எதுவும் தானாக நகராது. கைவிடப்பட்ட பெண் சான்று தாசில்தாரிடம், ஜீவனாம்சத்துக்குக் கோர்ட். கைவிடப்பட்டோர் ஓய்வூதியத்துக்கு 30 வயதும், பிரிந்து ஐந்து வருஷமும் அல்லது சட்டப்படி பிரிந்த சான்றும் கேட்பார்கள். துக்கம் விசாரிக்கக்கூட யாரும் வராத துக்கம் அவளுடையது. அவளுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

கூழ், தூக்கம், நெஞ்சுவலி

"சாப்பிடு, சாப்பிடு" என்று தட்டில் சோற்றைக் குவிப்பதால் அவள் சாப்பிடப் போவதில்லை. தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். கரைத்துக் குடிக்கிறது இறங்கும், கேழ்வரகுக் கூழ் இறங்கும். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவைத் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்க வையுங்கள். காலையில் நாலு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, கால் டம்ளர் அரிசி நொய்யைப் போட்டுக் குழைய வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி அடி பிடிக்காமல் கிளறுங்கள். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். காய்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் மேலே வெந்து உள்ளே மாவாகவே கட்டி தட்டும். ஆறியதும் மோர் ஊற்றி, உப்பு போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு ஒரு சொம்பு நிறையக் கரைத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். மடக்கு மடக்காகக் குடித்துவிடுவாள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள் என்றால் மாத்திரை தவறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காரிய வீட்டுச் சந்தடியில் எல்லோருக்கும் முதலில் மறந்து போவது அதுதான்.

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சொன்னால் "துக்கம்தான், அழுதா சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு இதயத்தின் இடது கீழறை ஊதிப்போய்ச் சரியாகத் துடிக்காமல் போகிற ஒரு நிலை உண்டு. 1990இல் ஜப்பான் மருத்துவர்கள் அதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள், அங்கே ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பெயர் அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும், ஆனால் மாரடைப்பா அதுவா என்பதை வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். 108ஐக் கூப்பிடுங்கள்.

தூக்கம் ஒழுங்குக்கு வர மாதங்களாகும். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பது சகஜம். அந்த நேரத்தில் வீட்டில் ஒரு விளக்கு எரியட்டும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, சாப்பாடே இல்லை, "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வருகிறது, பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைப்பது போலப் பேசுகிறாள் என்றால் தாமதிக்காதீர்கள். அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, பாகாயத்தில் 1957 முதல் இருக்கிற சி.எம்.சி. மனநல மையத்துக்கோ கூட்டிப் போங்கள். இரவில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். "பாகாயம் போனாங்க" என்று ஊர் பேசுமே என்று தயங்கியதால் போன உயிர்கள் உண்டு. ஊர் பேசட்டும்.

இத்தா, அதாவது கணவன் இறந்த பின் தனித்திருக்கும் காலம், இருக்கிற முஸ்லிம் பெண்ணுக்கு நாலு மாதம் பத்து நாள் வெளியே போவது குறையும். அதற்குள் பதிவுக் கெடுகள் தாண்டிவிடக் கூடாது. அண்ணன் தம்பி செய்யக்கூடிய வேலைகளை அவர்கள் செய்யட்டும், அவள் கைநாட்டோ கையெழுத்தோ கட்டாயம் வேண்டிய இடம் எது என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டு ஜமாத்தில் கேட்டுக்கொள்ளலாம். அவசியத் தேவைக்குப் பகலில் போய்வர இடமிருக்கிறது என்று ஆலிம்கள் சொல்வதுண்டு.

பூ, பொட்டு பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பிறந்த வீட்டில் மூன்று வயதிலேயே அவளுக்குப் பூ வைத்துப் பொட்டு இட்டார்கள். கல்யாணத்தில் வந்தது தாலி மட்டும்தான். வைப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்யட்டும். வைத்தால் பார்க்காதது போல இருங்கள், "வெச்சுக்கோ, வெச்சுக்கோ" என்று முற்போக்குக் காட்டி வற்புறுத்தவும் வேண்டாம்.

ஜாக்கெட்

நாலாம் மாதம் வேலை பற்றிப் பேச்சு வரும். பக்கத்து வீட்டில் எல்லோரும் சுற்றுகிறார்களே என்று பீடித் தட்டை மடியில் வைப்பது சுலபம். ஆனால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்ற கூலி, இலை சரியில்லை என்று கழிவு, நாள் முழுக்கப் புகையிலைத் தூசு, நாளடைவில் பெண் பிள்ளையும் நறுக்க உட்கார்ந்துவிடும். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்க ஆள் எடுத்தால் முதல் இரண்டு வருஷம் அதையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன். சம்பளம் பெரிதில்லை, ஆனால் தேதி தவறாது. 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. வரும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கார்டு போதும். பத்துப் பெண்களோடு பஸ்ஸில் போய் வருவதே ஒரு மருந்து. வந்த இன்சூரன்ஸ் பணத்தைப் போட்டுக் கடை வைப்பது முதல் வருஷத்தில் வேண்டவே வேண்டாம்.

வீட்டை விட்டுப் போக முடியாதவளுக்குத் தையல். கிராமப்புறப் பெண்களுக்கு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள், சாப்பாடும் உண்டு. தையல் தெரிந்த 20 முதல் 40 வயதுக்குள்ளான விதவை, கைவிடப்பட்ட பெண்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு மெஷின் கொடுக்கிறது. அது வரும்வரை பழைய மிதி மெஷின் போதும். வாங்கும்போது மோட்டாரைப் பார்க்காமல், ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லொடலொடவென்று ஆடினால் வேண்டாம்.

முதலில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கட்டும். ஃபால்ஸை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்துக் காயப்போட்டு இஸ்திரி போட்ட பிறகே தைக்க வேண்டும். அப்படியே தைத்தால் முதல் சலவையில் ஃபால்ஸ் சுருங்கிப் புடவைக் கரை சுருட்டிக்கொள்ளும். உள்முனையிலிருந்து ஒரு சாண் விட்டு ஆரம்பிக்க வேண்டும். பத்துப் புடவை தைத்தால் கை படிந்துவிடும்.

பிறகு ஜாக்கெட். மார்பு 36 வரை உள்ளவருக்கு 80 சென்டிமீட்டர் துணி போதும், 40க்கு மேல் ஒரு மீட்டர் வேண்டும். லைனிங்கையும் மேலே சொன்ன மாதிரி ஊறவைத்துத்தான் வெட்ட வேண்டும், பிழியாமல் உதறிக் காயப்போட வேண்டும். பக்கவாட்டில் நாலு ஓரத்திலும் தையலுக்கு உள்ளே ஒரு அங்குலம் கூடுதலாக விட்டால் பின்னால் நாலு அங்குலம் வரை பிரித்துப் பெரிதாக்கலாம். அதைக் கவனித்து வைத்துக்கொண்டு வாடிக்கைக்காரி திரும்ப வருவாள். கழுத்தை வெட்டிய கையோடு ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிட வேண்டும். வளைவு குறுக்கிழையில் வருவதால், கையில் எடுத்து எடுத்து வைத்தாலே இழுபட்டு வாய் பிளந்துவிடும்.

கையைத் தூக்கினால் ஜாக்கெட் மேலே ஏறுகிறது என்று திரும்பி வரும். புதிதாகத் தைப்பவர் இறுக்கம்தான் காரணம் என்று கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டுவார். அதனால் இன்னும் ஏறும். குழி ஆழமானால் கை, பக்கவாட்டுத் துணியையும் சேர்த்துத் தூக்குகிறது. குழி அக்குளுக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டும், அகலம் கைத்துணியில் வர வேண்டும். தைக்கும்போது அடியில் நூல் கொத்தாகச் சிக்கினால் எல்லோரும் பாபினைக் கழற்றுவார்கள். தப்பு அநேகமாக மேல்நூலில் இருக்கும், டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அது சரியாக உட்கார்ந்திருக்காது. பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை மறுபடி கோர்த்தால் போதும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கும், அல்லது தட்டைப் பக்கம் மாறியிருக்கும்.

நோட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் துணியில் ஒரு விரல்நுனி அளவு வெட்டி ஒட்டி, அளவு, தேதி, முன்பணம் எழுத வேண்டும். பாதி முன்பணம் இல்லாமல் கத்தரி வைக்கக் கூடாது. சொந்தக்காரரிடம்தான் இதைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும், பாக்கி நிற்பது அங்கேதான். ஆடியில் வேலை இருக்காது, ஆவணியிலும் தையிலும் குவியும். குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒரு அலை உண்டு. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே ஆர்டரை நிறுத்திவிட வேண்டும். ஒத்துக்கொண்டு கொடுக்க முடியாமல் போன நாலு ஜாக்கெட், வருஷம் முழுக்கச் சேர்த்த பெயரைக் கெடுத்துவிடும்.

பெரிய தொகை எது வந்தாலும் ஆறு மாதம் வங்கியிலேயே கிடக்கட்டும். பிறகு தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டம். 7.4 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாதம் 616 ரூபாய் வரும், ஐந்து வருஷம். இது குறைவு என்று சொல்லி, லட்சத்துக்கு மாதம் ஆயிரக்கணக்கில் தருவதாக வருகிறவர் மாமாவாக இருந்தாலும் வேண்டாம். 2022இல் இந்த மாவட்டத்திலேயே அப்படி மூடிப்போன இடங்களில் காசு போட்டவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். தீபாவளிச் சீட்டும் அதே வகைதான்.

எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருக்கும்போது சில நாள் திடீரென்று சாய்த்துவிடும். மாசி அமாவாசைக்குப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை நடக்கும், ஊரே சுடுகாட்டில் இறந்துபோன தம் தம் ஆட்களுக்குப் படைக்கும். அவர் பிறந்த நாள் வரும், பையனின் பரீட்சை ரிசல்ட் வரும். அந்த வாரம் தையல் ஆர்டரைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழுகை வந்தால் அது பின்னால் போவதாகாது. தலைத்திவசம் வரை அந்தக் கணக்கில் விடுங்கள். வருஷம் தாண்டியும் ஒரு நாள்கூட லேசாகாமல் முதல் மாதம் போலவே கிடந்தால் அப்போது மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

திவசம் முடிந்த வாரத்தில் மஞ்சப்பையை அவளோடு உட்கார்ந்து கொட்டிப் பாருங்கள். முடிந்ததைத் தனியாகக் கட்டிவிடலாம். வருஷா வருஷம் திரும்ப வருகிற வேலை ஒன்றுதான் மிஞ்சும். பி.எஃப். பென்ஷன் நிற்காமல் இருக்க உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், ஒரு தடவை கொடுத்தால் 12 மாதம் செல்லும். இதைக் கொழுந்தனோ தங்கையோ அவளுக்காகக் கொடுக்க முடியாது. பாத்திரம் தேய்த்தும் துணி பிடித்தும் ரேகை தேய்ந்திருந்தால் மெஷினில் விரல் ஏறாது. முதல் நாள் இரவு எண்ணெய் தடவி, காலையில் துடைத்துவிட்டு வைத்தால் சில சமயம் ஏறும். அப்படியும் ஏறாவிட்டால் செல்போனில் முகம் பார்த்து எடுக்கிற முறை இருக்கிறது. உள் அறை இருட்டில் அது முகத்தைப் பிடிக்காது. வாசல் பக்கம் வந்து வெளிச்சம் முகத்தில் நேராகப் படும்படி அவளை உட்காரச் சொல்லுங்கள். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். சிமிட்டினால் போதும்.